பழைய ஜீப்: கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

ஆனைகட்டி, வால்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய ஜீப் வாங்கப் போனால், முன்பு இந்தக் கேள்வியே எழாது. மஹிந்திரா மேஜர், கமாண்டர், 2010-ல் வந்த முதல் தார் எல்லாமே கிளட்ச் மிதித்துக் கியர் போடும் வண்டிகள். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தாரில்தான் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்தது. அந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கின்றன.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். முழங்கால் தேய்ந்தவருக்கு வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிப்பது வாதைதான். அவர் ஆட்டோமேட்டிக் வாங்குவதில் தப்பில்லை. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளுமோ, பிளேட் தீயுமோ என்ற கவலையும் குறைவு. இறக்கத்தில் மட்டும் லீவரைக் கீழ் கியருக்குக் கொண்டுவர வேண்டும். 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

காட்டுக்குள் பேட்டரி இறங்கிவிட்டால் கதை வேறு. கியர் வண்டியை நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும், ஆட்டோமேட்டிக் கிளம்பாது. கிளட்ச் பிளேட்டை உள்ளூர் மெக்கானிக்கே மாற்றுவார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதானால் செலவு வண்டி விலையையே யோசிக்க வைக்கும். உரமூட்டையும் தேங்காயும் ஏற்றும் வண்டிக்குக் கியரே மேல்.

வாங்குமுன் சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயிலை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.