கட்டையில் இருக்கும் கணக்கு
பழைய துப்பாக்கியைப் ‘புதுசு மாதிரி’ ஆக்குவது பற்றி

புத்தூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டின் விட்டம் என்னவோ, அதுதான் குழலின் விட்டம். பெயர் அப்படி வந்தது. உரிமம் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. தேர்தல் வந்தால் ஒப்படைப்பதும் முடிந்தால் திருப்பி வாங்குவதுமாக அதன் காலம் ஓடுகிறது. சுட்டு எத்தனையோ வருஷமாச்சு. இரும்பு பரவாயில்லை. கட்டைதான் கறுத்து, பிசுபிசுத்து, பிடிக்குப் பின்னால் கீறல் விட்டிருந்தது. கட்டையின் வலப்பக்கத்தில் கத்தியால் போட்ட சின்னச் சின்ன வெட்டுகள் வரிசையாக. தாத்தா சுட்டு வீழ்த்திய மிருகங்களின் கணக்காம். “இதையெல்லாம் இழைச்சுத் தள்ளிட்டு, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிடணும்” என்றார் நண்பர்.

‘புதுசு மாதிரி’ என்றால் என்ன? இந்தக் கேள்வி ஆசாரியின் கேள்வி மட்டுமில்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. அரசு படிக்கிற எழுத்து அது, இரும்பில் இருக்கிறது. மரத்தில் விழுந்த எழுத்துக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. கன்னம் சாய்ந்து மழுங்கிய இடம், கட்டைவிரல் தேய்த்த பள்ளம், மேற்படி வெட்டுகள் எல்லாம் உப்புத்தாள் எடுத்தவன் கையில்தான் இருக்கின்றன. அரைமணி நேரத்தில் ஒரு வரலாற்றைத் தூளாக்கித் தட்டிவிடலாம்.

ஆகவே முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு. அதனால் தெருமுனைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு வரமுடியாது. உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் வழியாகத்தான் செய்ய வேண்டும். அவர் முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலையும் இரும்புப் பாகங்களையும் கழற்றிவிட்டுக் கட்டையைத் தனியாக எடுப்பார். நல்ல துப்பாக்கிகளில் கட்டை பெரும்பாலும் அக்ரூட் மரம். உதைப்பைத் தாங்கும், எளிதில் பிளக்காது.

தோளில் பொருந்தும் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே பூச்சே படாத மரம் தெரியும். அதுதான் பழைய நிறத்துக்குச் சாட்சி. பூச்சு என்ன வகை என்று அந்த ஓரத்திலேயே சோதிக்கலாம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்கு இளகினால் அரக்கு. இளகாவிட்டால் எண்ணெயோ வார்னிஷோ.

கறுப்பு வருவது வேறு காரணத்தால். குழல் மேலே பார்க்கச் சுவரில் சாய்த்து வைத்தால், இரும்புக்குப் போட்ட எண்ணெய் வருஷக்கணக்காக வழிந்து கட்டையின் தலைப்பகுதியில் இறங்கி மரத்தை மெத்தென்று ஆக்கிவிடுகிறது. சாக்குப்பொடியைத் தின்னரில் குழைத்துப் பூசினால் காயும்போது எண்ணெயை உறிஞ்சும். தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும், பல தடவை. இதைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யணும். எண்ணெய் போன பிறகுதான் கீறலில் பசை பிடிக்கும்.

நசுங்கிய இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்தால் ஆவி ஏறி நார் உப்பி மேலே வரும். நார் அறுந்திருந்தால் வராது. வெட்டுகளை எடுக்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள மரம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கியாக வேண்டும். அப்படி இறக்கினால் மரம் இரும்பின் விளிம்புக்குக் கீழே போய்விடும், துப்பாக்கி இளைத்துப்போன ஆள் சட்டை போட்ட மாதிரி நிற்கும். நண்பர் கேட்ட ‘புதுசு’க்கு இதுதான் விலை.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய். சில சொட்டு, உள்ளங்கையால் சூடு வரத் தேய்ப்பது, காயவிடுவது, மறுபடியும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் பிசுக்குத்தான் மிஞ்சும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கு.

இனி அந்த வெட்டுகளுக்கு வருவோம். நண்பருக்கு அவை இப்போது சங்கடம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தாத்தாவின் பெருமை பேரனுக்குக் கூச்சமாகிவிட்டது. இழைத்துவிட்டால் துப்பாக்கி நிரபராதி ஆகிவிடும். ‘பாரம்பரியப் பொருள்’ ஆகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும்.

ஆனால் யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதே இந்த ஊரில் பழைய அரசியல். 1801 ஜூனில் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைக் கம்பெனி தடை செய்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்து, இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. அப்படி நின்றவர்களில் விசுவாசமானவர், நிலமுள்ளவர் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது. குடகில் கொடவர்களுக்கு 1861இலேயே விலக்கு. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் துப்பாக்கிக்குப் பூஜை உண்டு.

இதே திருச்சியில், திருவெறும்பூர் பக்கம் தேவராயநேரியில் நரிக்குறவர்கள் இருக்கிறார்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி அவர்களுக்குப் பிழைப்பு. 1972க்குப் பிறகு அந்தப் பிழைப்பு குற்றம். ஊசிமணி பாசிமணிக்குப் போனார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது. அதே திருவெறும்பூர் பக்கம்தான் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலையும் இருக்கிறது. அங்கே துப்பாக்கி செய்வது தேசப் பணி. ஆக, துப்பாக்கி ஓரிடத்தில் பூஜை, ஓரிடத்தில் தேசம், ஓரிடத்தில் பாரம்பரியம், ஓரிடத்தில் மட்டும் குற்றம். நரிக்குறவர் துப்பாக்கியின் கட்டைக்கு யாரும் ஆளிவிதை எண்ணெய் தேடுவதில்லை.

தாத்தாவின் வெட்டுகளில் மிருகக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. காடு கலைத்தவர்கள், சுமந்து வந்தவர்கள், உரித்தவர்கள் கணக்கு இல்லை. அரைகுறைக் கணக்குத்தான். அதையும் இழைத்துவிட்டால் கேள்வி கேட்க ஒன்றுமே மிஞ்சாது.

நண்பரோடு ரெண்டு வாரம் சண்டை. கடைசியில் கறுப்பை எடுத்தோம், கீறலை ஒட்டினோம், எண்ணெய் போட்டோம். வெட்டுகளை விட்டுவிட்டோம். என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி அடித்தகட்டுக்கு உள்ளே வைத்து மூடியாயிற்று. கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் அந்த வெட்டுகளைத்தான் கேட்கிறார்கள். நண்பர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.