கிரேக்கத் தொன்மத்தில் பெகசஸ்: மின்னலும் ஊற்றும்

பெகசஸ் என்னும் சிறகுக் குதிரை இன்று கவிதைக் கற்பனையின் குறியீடாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஆயினும், இத்தொன்மத்தின் பழைய சான்றுகளில் அக்குறியீடு இடம்பெறவில்லை. அது பின்னர் உருப்பெற்ற முறையை இலக்கியச் சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பெகசஸின் பிறப்பை ஹெசியோடின் 'தியோகனி' கூறுகிறது. பொசைடனால் கருவுற்றிருந்த மெடூசாவின் தலையைப் பெர்சியுஸ் கொய்தபோது அவள் உடலினின்று இக்குதிரை வெளிப்பட்டது. ஒக்கியானஸின் ஊற்றுகளருகே பிறந்தமையால் இப்பெயர் பெற்றது என்பது ஹெசியோட் காட்டும் காரணம்; கிரேக்கத்தில் 'பேகே' என்பது ஊற்றைக் குறிக்கும். பிறந்ததும் மண்ணுலகை நீத்து, ஜீயஸின் மாளிகையில் தங்கி, அவனுக்கு இடியையும் மின்னலையும் சுமக்கிறது. மொழியியலாளர் சிலர் இப்பெயரை லூவிய மொழியில் புயல் தெய்வத்தின் அடைமொழியாக வழங்கிய, மின்னலோடு தொடர்புடைய 'பிஹஸ்ஸஸ்ஸி' என்பதனோடு ஒப்பிடுவர். அவ்வொப்பீடு ஏற்கப்படின், ஊற்று என்பது ஓசை ஒப்புமையால் பின்னர்க் கற்பிக்கப்பட்ட பெயர்க்காரணமே ஆகும்.

இங்குக் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஹெலிகான் மலையில் கலைத்தெய்வங்களாகிய மியூசுகள் நீராடும் நீர்நிலைகளுள் ஒன்றாக 'ஹிப்போக்ரீனி' தியோகனியின் தொடக்கத்திலேயே சுட்டப்படுகிறது. 'குதிரை ஊற்று' என்பதே அச்சொல்லின் பொருள். பெயரிலேயே குதிரை இருந்தும், ஹெசியோட் அதனைப் பெகசஸுடன் இணைக்கவில்லை. குதிரையின் குளம்படியால் அவ்வூற்று தோன்றிய கதையைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அராட்டஸ் தம் 'பைனோமினா'வில் குதிரை விண்மீன் கூட்டத்தை விளக்குமிடத்தில் எடுத்துரைக்கிறார். டிரோசெனிலும் இவ்வாறே ஒரு குதிரை ஊற்று இருந்ததாகப் பாசேனியஸ் குறிப்பதால், நீர்நிலைக்குப் பெயர்க்காரணம் கூறும் கதையாகவே இது பல ஊர்களில் வழங்கியது எனலாம்.

கொரிந்த் நகர மரபு முற்றிலும் வேறானது. கி.மு. 464இல் வெற்றி பெற்ற கொரிந்திய வீரனைப் போற்றும் பிண்டாரின் 13ஆம் ஒலிம்பியப் பாடலில், ஏதெனா அருளிய பொற்கடிவாளத்தால் பெல்லரோஃபோன் பெகசஸை அடக்குகிறான். குதிரையைக் காட்டிலும் கடிவாளமே அங்குப் போற்றப்படுகிறது. அதனைக் கண்டறிந்த பெருமையைப் பிண்டார் கொரிந்துக்கு உரியதாக்குகிறார். பெகசஸ் உருவம் பொறித்த கொரிந்திய நாணயங்கள் 'குட்டிகள்' என்றே வழங்கப்பட்டன. இலியத்தின் ஆறாம் காண்டமோ பெல்லரோஃபோன் கிமேராவைக் கொன்றதைக் குதிரை பற்றிய பேச்சே இன்றிச் சொல்லிவிடுகிறது.

குதிரையும் ஊற்றும் இணைந்த பின்னரே பெகசஸ் மியூசுகளுக்கும், அவர்கள் வழியாகப் புலவர்க்கும் உரியதாயிற்று. அப்போதும் புலவர் பருகியது ஊற்றுநீரையே. அவரே குதிரைமேல் ஏறிப் பறப்பது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் பரவிய படிமம். கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானியப் புலவர் பெர்சியஸ், மட்டக்குதிரையைக் குறிக்கும் சொல்லால் அவ்வூற்றைச் சுட்டி, அதில் தாம் வாய் நனைத்ததில்லை என எள்ளுகிறார். எள்ளத்தக்க அளவுக்கு அம்மரபு அதற்குள் பழகிப்போயிருந்தது.