சரக்கு வண்டி ஊளையிட்டால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாக ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். தராசில் பத்து கிராம் கூடினாலும் உடனே கண்டுபிடித்துவிடும் நாம், வண்டி மாதக்கணக்கில் 'ஊ'வென்று கத்தினாலும் 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் பயந்துபோய்ப் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கே சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறோம்.

எங்கள் கடை வண்டிக்கும் இதுதான் நடந்தது. விருதுநகரில் துவரம்பருப்பு ஏற்றிக்கொண்டு மதுரைக்குத் திரும்பும்போது சத்தம் ஆரம்பித்தது. பட்டறையில், கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்க வேண்டும் என்றார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம். நான்கு நாள் வண்டி நின்றது. பேரிங் எல்லாம் மாற்றிப் பூட்டிய பிறகும் அதே ஊளை! கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியில் ஏறி இரண்டு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சத்தம் பின்னால கிரவுன்ல வருது அண்ணாச்சி, இதை எதுக்கு இறக்குனீங்க?" என்றார். அவர் செய்த சோதனைகளுக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். பின்சக்கரம் இழுக்கும் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் யாரும் செய்து பார்க்கலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதிக்காதபோது வரும் சத்தம், முழுவதும் மிதித்ததும் நின்றுவிட்டால், கோளாறு கியர் பாக்ஸின் உள்ளே இன்புட் ஷாஃப்ட் அல்லது லே ஷாஃப்ட் பேரிங்கில் இருக்கலாம். நியூட்ரலில் இந்த இரண்டு ஷாஃப்டுகளும் சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கத்தினால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதை மாற்றக் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டுமே தவிர, பிரிக்க வேண்டியதில்லை. கூலியில் இது பெரிய வித்தியாசம்.

அடுத்து, ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பற்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். கீழ்க் கியர்களில் கத்திவிட்டு நேர்க் கியரில் (பல வண்டிகளில் அது நான்காவது) அடங்கிவிட்டால், லே ஷாஃப்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். நேர்க் கியரில் இழுவை அதன் வழியாகப் போவதில்லை. ரிவர்ஸில் மட்டும் வரும் மெல்லிய ஊளைக்காகச் செலவு செய்ய வேண்டாம். அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதால் புது வண்டியிலும் அது உண்டு.

ஆள் நடமாட்டமில்லாத சமசாலையில், நல்ல வேகத்தில் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றிச் சற்று உருளவிடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடக் கூடாது, பிரேக் கல்லாகிவிடும். சத்தம் அப்படியே தொடர்ந்தால் கோளாறு பெரும்பாலும் பின்னால்தான். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் காலை எடுத்ததும் வேறுவிதமாகவும் கேட்டால் கிரவுன், பினியன். வண்டியை லேசாக இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலப்பக்கச் சக்கர பேரிங். பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது அல்லவா? தார்ச்சாலை மாறும்போதெல்லாம் சத்தமும் மாறினால், ஏறுமாறாகத் தேய்ந்த டயராகவும் இருக்கலாம்.

எதையும் பிரிக்கும் முன் ஆயிலைப் பார்த்துவிட வேண்டும். கியர் பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள பிளக்கைக் கழற்றினால், ஆயில் துளையின் விளிம்புவரை நிற்க வேண்டும். பின் ஹவுசிங்குக்கும் இதே கணக்குதான். குறைந்திருந்தால், எங்கே போயிற்று என்று கேளுங்கள். சீல் மாற்றியும் ஒழுகுகிறதென்றால், மேலேயுள்ள சிறு காற்றுத் துளை மண்ணால் அடைபட்டிருக்கலாம். உள்ளே சூட்டில் சேரும் அழுத்தம் புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியேற்றிவிடும்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். ஜி.எல்.-4 கேட்கும் கியர் பாக்ஸில், கையிலிருப்பது இதுதான் என்று பின் ஹவுசிங்குக்குரிய ஜி.எல்.-5 ஊற்றினால், அதிலுள்ள சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சாதாரணம். செதில் செதிலாக இரும்பு வந்தால் இனி ஓட்டக் கூடாது. பேரிங்கோடு முடியவேண்டிய செலவு, ஷாஃப்ட் நகர்ந்து பற்களும் போய், பாக்ஸ் முழுவதற்கும் ஆகிவிடும்.

கெட்டியான ஆயில் சத்தத்தை அமுக்கும், கோளாறைத் தீர்க்காது. மரத்தூளைப் போட்டு ஊளையை மறைத்துப் பழைய வண்டியை விற்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவோர் கொஞ்சம் ஆயிலை வடித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். பேரிங்கின் மேல் சுமை கால் பங்கு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். நான்கு மூட்டை கூடுதலாக ஏற்றி ஒரு நடை மிச்சம் என்று கணக்குப் போடும்போது இதை யாரும் பற்று எழுதுவதில்லை.

பாக்ஸைப் பிரித்தே தீரவேண்டும் என்றால், தேய்ந்த பேரிங்குகளோடு சீல்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதான். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்றப்பட வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி ஊளையிடும். உதிரிபாகத்துக்குப் பில் கேளுங்கள். நாம் கொடுக்கிறோம், வாங்கவும் வேண்டாமா? கழற்றிய பேரிங்கையும் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சுற்றினால் சரி. வழவழவென்று ஆட்டமில்லாமல் சுற்றினால், கூலியைக் கொடுக்கும் முன் பட்டறைக்காரரை இன்னொரு தடவை வண்டியில் ஏற்றி ஓட்டிக் காட்டுங்கள்.