கால் வீங்கினால் மாத்திரை அட்டையை எறியாதீர்கள்

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் கூத்து இது. கால் வீங்கும், அல்லது வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடாது. 'இது எனக்கு ஒத்துக்கலை' என்று தாங்களே நிறுத்திவிடுவார்கள். அட்டை குப்பைக்குப் போய்விடும். பில் எப்போதுமே வாங்கியதில்லை. என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டால், "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்."

இந்த மருந்துகளில் பல செல்களுக்கு வரும் சமிக்ஞைகளில் கைவைப்பவை. ஒரே சமிக்ஞைக்கு உடம்பில் பல இடங்களில் வேலை உண்டு. சர்க்கரை மாத்திரையான பயோகிளிட்டசோன் கொழுப்புச் செல்லில் சமிக்ஞையை வாங்கும் ஓர் ஏற்பியைத் தூண்டி இன்சுலினை நன்றாக வேலை செய்யவைக்கிறது. அதே ஏற்பி சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அது தூண்டப்படும்போது உடம்பில் உப்பும் நீரும் தேங்கிக் கால் வீங்குகிறது. இதயம் பலவீனமானவருக்கு இப்படி நீர் தேங்குவது ஆபத்து. இதே வகையைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோன் 2010-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பிரஷர் மாத்திரையான அம்லோடிபினாலும் கால் வீங்கும், ஆனால் காரணம் வேறு. எனலாப்ரில், ராமிப்ரில் என்னும் பிரஷர் மாத்திரைகள் வறட்டு இருமலைக் கொண்டுவரலாம். எது எதனால் என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

ஆகவே, நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் அட்ரினலின் சமிக்ஞையை மறித்து வைக்கின்றன. அதை ஈடுகட்டச் செல்கள் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் ஒன்றாகத் திறக்கும். இதயநோய் உள்ளவருக்கு மாரடைப்புவரை போகலாம். அவசர விதிவிலக்கு: உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் 108-ஐ அழையுங்கள்.

டாக்டரைப் பார்த்ததோடு வேலை முடியவில்லை, பக்கவிளைவைப் பதிவு செய்ய வேண்டும். 2010 முதல் இதற்கென்றே மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024; வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலேயே கிடைக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் துறையே கண்காணிப்பு மையமாக இயங்குகிறது. புறநோயாளிப் பிரிவில் கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று கைவிரிக்கக்கூடும். நம்பாமல் நேராக மருந்தியல் துறையில் விசாரியுங்கள்.

படிவத்தில் நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள், வயது, என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, எந்த மருந்து, எந்த அளவு, தெரிவிப்பவர் யார் என்பவை வேண்டும். கூடவே சாப்பிடும் சித்த மருந்து, நாட்டு மருந்து, வலி மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் அட்டையைப் பார்த்து எழுதுங்கள். இங்கேதான் கடைக்காரரின் கத்தரிக்கோல் குறுக்கே வருகிறது: ஐந்து மாத்திரை கேட்டால் பேட்ச் எண் இல்லாத பாதியை வெட்டித் தருவார். எண்ணுள்ள பாதியைக் கேளுங்கள், இல்லையென்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பில் இல்லாமல் இறங்காதீர்கள்.

மருந்தின் தரத்திலேயே சந்தேகம் என்றால் அது வேறு வழி. மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஆய்வாளர் அசையவில்லையா? 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் பயன்படுத்துங்கள். மருந்தை வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம். மீதி மாத்திரை பிரிக்கப்படாத அட்டையிலேயே இருக்கட்டும்.

பக்கவிளைவுப் படிவம் கொடுத்தால் டாக்டருக்குச் சிக்கல் வரும் என்று பலர் தயங்குகிறார்கள், சில டாக்டர்களும்தான். அது வழக்கு அல்ல. நோயாளியின் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும். டாக்டர் எழுதாவிட்டால் அந்தக் கட்டணமில்லா எண்ணை நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.