மாணவ வீரர்களின் பெயர் யாருக்குச் சொந்தம்?

2001-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கு எதிரே பத்து மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பதாகை எழுந்தது. அதில் இருந்தவர் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ஜோயி ஹாரிங்டன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பைக்கு அவரை முன்னிறுத்த அந்தப் பதாகைக்கு 2,50,000 டாலர் செலவிடப்பட்டது. பல்கலைக்கழகத்தின் புகழ் நாடெங்கும் பரவியது. ஆனால், படத்தில் இருந்த மாணவர் அதற்காக ஒரு டாலர்கூடப் பெற முடியாது. பெற்றால், ஆடும் தகுதியையே இழக்க நேரிடும் என்பதுதான் அன்றைய விதி.

அந்த விதியை வகுத்தது என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1906-இல் தோன்றிய இந்த அமைப்பு, கல்லூரி விளையாட்டு ஊதியமற்றதாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையைப் பற்றி நின்றது. ‘மாணவ வீரர்’ என்ற சொல்லே 1950-களில் அதன் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் காலத்தில் உருவாக்கப்பட்டது. களத்தில் காயமடைந்த மாணவர்கள் தொழிலாளர்களுக்குரிய இழப்பீட்டைக் கோரிவிடக் கூடாது என்பதே அதன் உள்நோக்கம். பின்னாளில் பையர்ஸ் இதை ஒப்புக்கொண்டு, தாம் கட்டிக்காத்த முறையையே கடுமையாக விமர்சித்தார்.

பள்ளி மாணவர்களை அணிக்குச் சேர்ப்பதற்கான விதிகளும் இதே கொள்கையிலிருந்து பிறந்தவை. பயிற்றுநர் ஒரு மாணவரை எந்த மாதங்களில் நேரில் சந்திக்கலாம், எப்போது சந்திக்கவே கூடாது என்பதற்கெல்லாம் தனி நாள்காட்டி உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மாணவரைச் சேர்க்கப்போவதாகக் கல்லூரி விளம்பரப்படுத்த முடியாது. கல்வி உதவித்தொகைக்கு மேல் பணமோ பரிசோ தரக் கூடாது என்ற விதியும் அன்று இருந்தது. வசதி படைத்த பல்கலைக்கழகங்கள் திறமைசாலிகள் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்த சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987-ஆம் ஆண்டு கால்பந்துப் பருவம் முழுவதையும் சங்கம் ரத்து செய்தது.

எனினும், தொலைக்காட்சி உரிமம் கோடிக்கணக்கான டாலர்களை ஈட்டத் தொடங்கியபோது, ஊதியமின்மை என்ற கொள்கை மாணவர்களுக்கு மட்டுமே பொருந்துவதாக ஆனது. பயிற்றுநர்களின் சம்பளத்துக்கு வரம்பில்லை. கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், ஒரு காணொலி விளையாட்டில் தம் சாயலிலேயே ஒரு பாத்திரம் உலவுவதைக் கண்டு 2009-இல் வழக்குத் தொடுத்தார். 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம், மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் எனச் சட்டமியற்றியது. 2021 ஜூனில், கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் வரம்பு விதிப்பது சந்தைப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாள்களில், ஜூலை 1 அன்று, விளம்பர வருவாய்க்கான தடை விலக்கப்பட்டது.

இரண்டு எல்லைகள் மட்டும் எஞ்சின. ஆடுவதற்கான கூலியாக அந்தப் பணம் இருக்கக் கூடாது. குறிப்பிட்ட கல்லூரியில் சேர்வதற்கான தூண்டிலாகவும் இருக்கக் கூடாது. தாளில் தெளிவாகத் தெரிந்த கோடு, களத்தில் விரைவிலேயே அழிந்தது. செல்வந்தரான ரசிகர்கள் கூட்டமைப்புகளை உருவாக்கி, விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வீரர்களை ஈர்த்தனர். ஒரு கடைக்காக மாணவர் பதிவிடும் படத்துக்குப் பெருந்தொகை தரப்பட்டால், அது விளம்பரத்துக்கான விலையா, அணி மாறுவதற்கான விலையா என்பதை யார் தீர்மானிப்பது? 2024 பிப்ரவரியில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்கள் தொடுத்த வழக்கில், சேர்க்கைக்கு முன் இத்தகைய பேச்சு நடத்துவதைத் தடுக்கும் விதிக்கு நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது.

2025 ஜூனில் ஏற்கப்பட்ட வழக்குச் சமரசம் புதிய ஒழுங்கை முயன்று பார்க்கிறது. முன்னாள், இந்நாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்படும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களுடன் நேரடியாகப் பகிரலாம். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்கள், உண்மையான வணிக நோக்கம் கொண்டவைதானா எனப் பரிசீலிக்கப்படும்.

இதன் பயன் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிட்டாது. தொலைக்காட்சி வருவாயைக் குவிக்கும் கால்பந்தும் கூடைப்பந்தும் பெரும்பங்கைப் பெறும். நீச்சல், டென்னிஸ் போன்ற அணிகளும் மகளிர் அணிகளும் பின்தங்கக்கூடும். மாணவர் விசாவில் செல்லும் வெளிநாட்டு வீரர்களுக்கு வேலை சார்ந்த கட்டுப்பாடுகள் இருப்பதால், விளம்பரத்தில் நடித்து ஊதியம் பெறுவதே சிக்கலாகிறது. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றவர். அவரைப் போல் இன்று அங்கு செல்லும் இளைஞர், சக வீரருக்குத் திறந்திருக்கும் கதவு தமக்குப் பாதி மூடியிருப்பதைக் காண்பார்.

மறைவில் கைமாறிய பணம் கணக்கேட்டுக்கு வந்திருப்பது நல்ல மாற்றமே. ஆனால், பதினேழு வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒருவருக்கு, அதில் உள்ள ஷரத்துகளை விளக்கிச் சொல்ல நடுநிலையான ஆலோசகர் வேண்டும். காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு தொடரும் என்ற உறுதி வேண்டும். மாணவரின் பெயர் மாணவருக்கே சொந்தம் என்பதை நீதிமன்றங்கள் நிலைநாட்டிவிட்டன. அந்தப் பெயரின் விலை, அவர் எங்கே படிக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடாமல் காப்பதே இனி விதிகளின் வேலை.