புதுக் கத்தியின் முதற் கூர்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சமையற்கட்டுச் சாமான்களுக்குச் சாலைக் கடைத்தெருவை நாடாதவை அரியன. திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்த அத்தெருவில் நாம் ஒரு புதுக் கத்தி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அது தக்காளியைத் தொட்டவுடன் பிளக்கிறது. சில வாரங்களில் அதே தக்காளியை நசுக்குகிறது. மட்டமான இரும்பு என்று தீர்ப்புக் கூறி, அதைப் பரணில் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கப் புறப்படுகிறோம்.

பொறுமையுள்ள சிலர் அக்கத்தியையே சாணைக்கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டிப் பார்க்கின்றனர். அவர்கள் காண்பது வியப்புக்குரியது: தாமே தீட்டிய கூர், ஆலையிலிருந்து வந்த கூரைவிட நெடுநாள் நிற்கிறது. எஃகு அதே எஃகுதானே, பின் ஏன் இந்த வேறுபாடு?

கத்தியின் வெட்டும் ஓரத்தை நாம் வாய் என்கிறோம். மலையாளத்தார் வாய்த்தல என்பர். கூர்மைக்கு அவர்கள் வழங்கும் சொல் மூர்ச்ச. கத்திக்கு மூர்ச்ச இல்லை என்று கடைக்காரர் சொல்லக் கேட்டு, கத்தி மயங்கி விழுமோ என்று புதிதாக வந்த தமிழர் திகைப்பதும் உண்டு. அந்த வாயின் நுனி மயிரிழையைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. கத்தியின் உடல் எவ்வளவு உயர்ந்த எஃகாயினும், காய்கறியைத் தொடுவது இந்த நூலிழை அளவு உலோகம் மட்டுமே. அது கெட்டிருந்தால் மற்றப் பகுதி நன்றாயிருந்தும் பயனில்லை.

அது கெடுவதற்கு முதற் காரணம் வெப்பம். கரி எஃகை 800 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மீண்டும் 200 டிகிரி அளவில் சூடேற்றி, கடினமும் உறுதியும் பொருந்திய பதத்துக்குக் கொண்டுவருகின்றனர். பின்னர் அந்தப் பதத்தை மீறிச் சூடேறினால் எஃகு மென்மையடையும். மேற்பரப்பில் தோன்றும் நிறம் இதைக் காட்டிக்கொடுக்கும்: 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 300 டிகிரியை ஒட்டி நீலம். திருப்பாச்சேத்தி அரிவாள் போன்றவற்றைச் செய்யும் கொல்லர்கள் வெப்பமானி இன்றி இந்த நிறங்களைக் கண்ணாலேயே அளந்தறியும் மரபினர்.

ஆலையில் ஒரு கத்திக்கு வாய் பிடிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. விரைந்தோடும் உராய்வுப் பட்டையில் அதை அழுத்தித் தேய்க்கின்றனர். தெறிக்கும் தீப்பொறியே வெப்பத்துக்குச் சான்று. கத்தியின் முதுகில் எழும் சூடு தடித்த உலோகத்தில் பரவிவிடும். நுனியில் எழும் சூட்டுக்கோ ஓடி ஒளிய இடமில்லை. துருப்பிடிக்காத எஃகில் இடர் இன்னும் மிகுதி. அது கரி எஃகைப்போல் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதில்லை. தண்ணீர் தெளித்தாலும் கத்தியின் உடல் குளிர்கிறதேயன்றி, நுனி குளிர்ந்தது என்பதற்கு உறுதியில்லை. இவ்வாறு பதம் இழந்த ஓரத்தில் நீலம் படிந்தாலும், மெருகேற்றும் சக்கரம் அதைத் துடைத்துவிடுகிறது. பளபளப்பைக் கண்டு நாம் வாங்குகிறோம்!

இரண்டாவது காரணம் பிசிர். தீட்டும்போது நுனியில் மெல்லிய உலோகச் சவ்வு ஒன்று மறுபுறம் மடிந்து நிற்கும். அதைச் செம்மையாக நீக்காமல், மெருகுச் சக்கரத்தில் நிமிர்த்தி விட்டுவிடுவதுண்டு. இப்படி முன்னும் பின்னும் வளைந்து சோர்ந்த உலோகம் முதல் நாள் சவரக் கத்தியைப்போல் வெட்டும். பிறகு மடியும், முறியும். விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–1885) இந்நாட்டில் பரப்பிய மரச்சீனிக் கிழங்கையோ, அவியலுக்குச் சேனையையோ நறுக்கும் வீட்டில் அந்த மடிப்பு விரைவில் வந்துவிடும். மழுங்கிய கத்தியை மிகுதியாக அழுத்த வேண்டியிருப்பதால், அது வழுக்கி விரலைப் பதம் பார்க்கிறது என்பதே நம்மை வருத்தும் செய்தி.

சாணைக்கல்லில் தீட்டும்போது இந்தக் கெட்ட ஓரம் தேய்ந்து போய், உள்ளே பதம் மாறாமல் கிடந்த எஃகு வாயாகிறது. நீக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே; ஆயினும் ஒரே முறையில் அது முழுதும் போய்விடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. கல்லை நனைத்துக்கொண்டு, கத்தியைப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிச் சாய்வில் பிடித்து, ஒரு புறத்தில் தீட்டும்போது மறுபுறம் முழு நீளத்துக்கும் பிசிர் விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். விரலை நுனிவழியே இழுக்காமல், பக்கவாட்டில் வெளிநோக்கித் தடவிப் பார்ப்பது நலம். மறுபுறமும் அவ்வாறே செய்து, இறுதியில் அழுத்தமின்றி மாற்றி மாற்றித் தீட்டினால் பிசிர் உதிரும். இடையிடையே இலேசாகக் கூரேற்ற ஊறுகாய் ஜாடியின் மெருகிடாத அடிவிளிம்பே போதும்.

சாணைக்காரரிடம் கொடுப்பதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலால் மிதித்து மெல்லச் சுழற்றும் கல்லில் தண்ணீர் சொட்டவிட்டுத் தீட்டினால் நன்று. மோட்டாரில் உலர்ந்து சுழலும் சக்கரத்தில் பொறி பறக்கத் தீட்டினால், ஆலையில் நேர்ந்த கேட்டையே கூலி கொடுத்து மீண்டும் வாங்குகிறோம். கத்தி கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்து வந்தாலோ, வாயோரம் நீலம் தெரிந்தாலோ, அந்த நீலம் போகும்வரை ஈரக்கல்லில் தேய்த்த பின்னரே அதன் தரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எல்லாக் கத்தியும் இவ்வாறு தேறிவிடும் என்று நாம் கூறவில்லை. தொடக்கத்திலேயே சரியாகப் பதமிடாத எஃகு, எத்தனை முறை தீட்டினாலும் மென்மையாகவே இருக்கும். ஈரக்கல்லில் நான்கைந்து முறை செம்மையாகத் தீட்டி, பிசிரும் நீக்கிய பிறகு, மரப்பலகைமீது மட்டுமே வெட்டியும் சில நாளில் மழுங்குமாயின், அப்போது இன்னொன்று வாங்கச் சாலைக்குப் போகலாம்.