வாளி வந்த பிறகே சோதனை

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அன்றைக்கு எத்தனை வாளி பால் வரும் என்று கிராணிக்கு முன்கூட்டியே தெரியாது. வந்த பாலில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு ரப்பர்ச் சத்தைப் பார்ப்பார். தொழிலாளியின் கூலி அதையும் பொறுத்தது.

மென்பொருள் சோதனையை வானொலியில் விளக்க எனக்குக் கைகொடுப்பது இந்தக் காட்சிதான். ஜாவா நிரலர்களுக்கான ஜேயூனிட் 5, 2017இல் வெளிவந்தது. சோதனைகளை முன்பே எழுதி அடுக்காமல், வரும் தரவைப் பார்த்து, ஓடும்போதே உருவாக்கும் வசதி அதில் உண்டு. 100 சம்பளப் பதிவுகள் வந்தால் 100 சோதனைகள்.

பட்டியல் காலியாக வந்தால்? ஒரு சோதனையும் ஓடாது. தோல்வி என்றும் காட்டாது! வாளியே வராத நாளில் ‘பால் தரமானது’ என்று கணக்கெழுதுவதுபோல. ஆகவே, இளைஞர்களே, முடிவைப் பார்க்குமுன் வாளிகளை எண்ணுங்கள்.